புழுவுக்குள் ஆட்டின் மரபணுவா? முதல்முறை ஆராய வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒட்டுண்ணிப் புழுவின் டி.என்.ஏ. வரிசையைக் கணினியில் தேடவிட்டால் அவ்வப்போது ஆட்டின் துண்டோ மாட்டின் துண்டோ மனிதத் துண்டோ தலைகாட்டும். பார்த்த உடனே "புழு தன் ஓம்புயிரியிடமிருந்து (தான் ஒட்டி வாழும் விலங்கிடமிருந்து) மரபணுவை எடுத்துக்கொண்டது" என்று ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு வைக்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் அது புழுவின் வயிற்றில் கிடந்த ஆட்டு இரத்தமாகத்தான் இருக்கும்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதே இந்தக் கட்டுரை. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியலோ உயிர்த்தொழில்நுட்பமோ படித்துவிட்டு, எம்.எஸ்சி. ஆய்வுக்கு என்ன எடுக்கலாம் என்று யோசிப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வேலையில் முக்கால்வாசிக்கு ஒரு மடிக்கணினியும் இணையமும் போதும். மீதிக்கு ஒரு கறிக்கடையும், டி.என்.ஏ. துண்டைப் பெருக்கித் தரும் பி.சி.ஆர். கருவியும் வேண்டும்.

முதலில், எது இடம் மாறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வராமல், ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்கு டி.என்.ஏ. தாவுவதைக் கிடைமட்ட மரபணுப் பரிமாற்றம் என்கிறோம். பாக்டீரியாக்களுக்குள் இது அன்றாட நடப்பு. விலங்குகளில் அரிது. காரணம் எளிது. வெளியிலிருந்து வந்த துண்டு ஏதோ ஒரு தோல் செல்லில் ஒட்டிக்கொண்டால் அந்த உடலோடு அது அழிந்துபோகும். அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டுமானால் முட்டையையோ விந்தையோ உண்டாக்கும் செல்லுக்குள் நுழைந்து, அங்கே குரோமோசோமில் இணைய வேண்டும்.

அதனால்தான் விலங்குகளுக்கிடையே நன்கு நிறுவப்பட்ட தாவல்களில் பெரும்பாலானவை சாதாரண மரபணுக்கள் அல்ல. தன்னைத்தானே பிரதியெடுத்து இடம் மாறும் டிரான்ஸ்போசான்கள். குரோமோசோமுக்குள் நுழையும் கருவியைக் கையோடு கொண்டு திரிபவை அவை. நீங்கள் தேடத் தொடங்கும்போதும் "இன்சுலின் மரபணு தாவியதா" என்று தேடாதீர்கள். டிரான்ஸ்போசானில் தொடங்குங்கள்.

இதில் பாவ்-பி என்ற டிரான்ஸ்போசானைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பசுவின் மொத்த டி.என்.ஏ.வில் ஏறத்தாழ கால்பங்கு இதுவும் இதிலிருந்து கிளைத்தவையும்தான். ஆட்டிலும் உண்டு. ஆனால் இதன் நெருங்கிய உறவுகள் பாம்பிலும் பல்லியிலும் இருக்கின்றன. பாம்பிலிருந்து அசைபோடும் விலங்குகளுக்கு இது தாவியிருக்க வேண்டும் என்று 1998இலேயே எழுதினார்கள். 2013இல், ஊர்வனவற்றைக் கடிக்கும் இரண்டு வகை உண்ணிகளிலும் பாவ்-பி இருப்பது தெரிந்தது. ஒட்டுண்ணியே கூரியர் வேலை பார்த்திருக்கலாம் என்ற யோசனைக்கு அது வலுச் சேர்த்தது. அதற்கு முன்பே, 2010இல், தென் அமெரிக்காவில் இரத்தம் குடிக்கும் ரோட்னியஸ் என்னும் பூச்சியிலும் அது கடிக்கும் ஒப்போசம், அணில் குரங்கு ஆகியவற்றிலும் ஒரே டிரான்ஸ்போசான்கள் இருப்பதைக் காட்டியிருந்தார்கள்.

புழுக்களுக்கு வந்தால், நம் ஊருக்கு நெருக்கமான உதாரணம் யானைக்கால் புழுவே. ஏவி-ஆர்.டி.இ. என்ற டிரான்ஸ்போசான் ஏழு வெப்பமண்டலப் பறவைக் குலங்களிலும், யானைக்கால் புழுக்களின் குடும்பத்திலும் மட்டும் இருப்பது 2016இல் வெளியானது. யானைக்கால் நோயைத் தரும் வுச்செரேரியா, புரூகியா இனங்களின் வழியில் ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு முறையும், ஆப்பிரிக்கக் கண்புழுவான லோவாவின் வழியில் அதற்குச் சுமார் ஐம்பது லட்சம் ஆண்டுகள் பின்னாலும் நடந்தது என்பது அந்த ஆய்வாளர்களின் கணக்கு. இரண்டாவது அலைக்கு 2 கோடி முதல் 1.7 கோடி ஆண்டு என்று வரம்பு தருகிறார்கள். இன்று மனிதனைப் பிடிக்கும் புழுவின் முன்னோர் அன்று பறவைகளோடு பழகியிருக்கிறது என்பதற்கு எலும்புக்கூடு தராத சாட்சி இது. பறவைக் கருவில் முட்டை, விந்து செல்களின் மூலச்செல்கள் இரத்தத்தின் வழியே பயணம் செய்துதான் தம் இடத்துக்குப் போய்ச் சேரும். இரத்தத்தில் நீந்தும் நுண்புழுக்களுக்கு அது ஒரு வாய்ப்பாக இருந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நிரூபணம் எதுவும் இல்லை, என் ஊகம்தான்.

பயிற்சிக்கு வாழைப் புழு

நேராகப் பாலூட்டிகளுக்குப் போய்விடாதீர்கள். விடை தெரிந்த ஒரு கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்.

குமரி மாவட்டத்தில் மட்டி, செவ்வாழை, நேந்திரன் என்று வாழை வைக்காத தோப்பு குறைவு. வாழை வேரைத் துளைத்து மரத்தைச் சாய்க்கும் நூற்புழுவை விவசாயிகளுக்குத் தெரியும். அறிவியல் பெயர் ராடோஃபோலஸ் சிமிலிஸ். செடியின் செல் சுவரை உடைக்க செல்லுலேஸ் நொதி வேண்டும். செடியைத் தின்னும் நூற்புழுக்களுக்கு அந்த மரபணு பாக்டீரியாவிலிருந்து வந்திருக்கிறது என்பதற்கு முதல் நல்ல சான்று 1998இல், உருளைக்கிழங்கையும் சோயாவையும் தாக்கும் நூற்புழுக்களில் கிடைத்தது. அதன் பிறகு பல இனங்களில் உறுதியானது.

என்.சி.பி.ஐ. என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் ஒரு செடி நூற்புழுவின் செல்லுலேஸ் புரத வரிசையை எடுத்து, ஒத்த வரிசைகளைத் தேடித் தரும் பிளாஸ்ட் கருவியில் போடுங்கள். மேலே மற்ற செடிப் புழுக்கள் வரும், அடுத்து பாக்டீரியாக்கள் வரத் தொடங்கும். உண்மையான தாவல் எப்படித் தெரியும் என்பது கண்ணுக்குப் பழகும். இதே போல யானைக்கால் புழுவில் ஃபெரோகெலட்டேஸ் என்ற மரபணுவைப் பாருங்கள். உருளைப்புழுக்களால் ஹீம் மூலக்கூறை முழுதாகத் தாமே செய்ய முடியாது. ஆனாலும் ஹீம் தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் இந்த ஒரு மரபணு மட்டும் புரூகியாவில் இருக்கிறது, அதுவும் பாக்டீரியா வழி.

இரண்டும் பாக்டீரியாவிலிருந்து வந்தவை. பாலூட்டியிடமிருந்து புழுவுக்கு என்று வரும்போது சான்று மிக மெலிந்துவிடும். அதனால்தான் இனி வரும் படிகள்.

எந்தப் புழு, யார் வயிற்றிலிருந்து?

எனக்குப் பிடித்த தேர்வு ஆட்டின் வயிற்றுப் புழு, ஹிமாங்கஸ் கான்டார்ட்டஸ். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால் ஈரத்தை விரும்பும் இந்தப் புழுவுக்கு இங்கே குறைவில்லை. அதன் முழு ஜீனோமும், அதாவது மொத்த டி.என்.ஏ. வரிசையும், இலவசமாகக் கிடைக்கிறது. வார்ம்பேஸ் பாராசைட் தளத்தில் போய்ப் பாருங்கள். ஓம்புயிரியான ஆட்டின் ஜீனோமும் பொதுவில் இருக்கிறது. ஆட்டில் பாவ்-பி நிறைய இருப்பதால், புழுவின் வரிசையில் ஆட்டு டி.என்.ஏ. கலந்திருந்தால் பாவ்-பி வடிவில் சீக்கிரமே கண்ணில் படும்.

யானைக்கால் புழுவை எடுக்க ஆசைப்பட்டால் கணினியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மனித இரத்தம் எடுப்பதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், மருத்துவர்கள் உடனிருக்க வேண்டும். எம்.எஸ்சி. கட்டுரைக்காக இரவில் ஊசியோடு ஊருக்குள் போகிற வேலை வேண்டவே வேண்டாம்.

கறிக்கடையில் போட்டி கழுவுபவரிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள். கேட்க வேண்டியது நாலாவது வயிறு, அதாவது சிறுகுடல் தொடங்கும் இடத்தை ஒட்டிய, உள்ளே மென்மையான மடிப்புள்ள வயிறு. கட்டம் கட்டமாக இருக்கும் இரண்டாவது வயிற்றைக் கொடுத்தால் வாங்காதீர்கள். இளஞ்சூட்டு உப்புநீரில் திறந்து அலசினால், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளப் பெண் புழுக்கள் தெரியும். இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளை முட்டைக்குழல் முறுக்கிக் கிடக்கும். வேறு புழுவோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு குறைவு.

அந்தச் சிவப்பு நிறம்தான் உங்கள் தலைவலி. ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மில்லி வரை ஆட்டு இரத்தத்தை இழக்க வைக்கிறது. முழுப் புழுவை அரைத்து டி.என்.ஏ. எடுத்தால் ஆட்டின் வெள்ளணுக்களின் டி.என்.ஏ.வும் சேர்ந்தே வரும். கழுவினால் போகாது, அது குடலுக்குள் இருக்கிறது.

இதைத் தாண்ட ஒரு நல்ல வழி உண்டு. வளர்ந்த புழுவை விட்டுவிட்டு லார்வாவை எடுங்கள். பெண் புழு ஒரு நாளைக்கு 5,000 முதல் 10,000 முட்டை இடும். முட்டை சாணத்தோடு வெளியே வந்து, பொரிந்து, மூன்றாம் நிலை லார்வாவாகும் வரை பாக்டீரியாவைத் தின்று வாழ்கிறது. ஆட்டின் இரத்தத்தை அது இன்னும் பார்த்ததே இல்லை. அந்த லார்வாவிலும் நீங்கள் தேடும் துண்டு இருந்தால், உங்கள் கதைக்கு உயிர் இருக்கிறது. இல்லாவிட்டால், இரத்தம்தான்.

சாணத்தைத் தரையிலிருந்து பொறுக்க வேண்டாம், மண்ணில் வாழும் புழுக்கள் ஏறிவிடும். ஆட்டின் மலக்குடலிலிருந்தே எடுத்து, மரத்தூளோடு கலந்து, ஈரம் காயாமல், மூடியைச் சற்றுத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். 25 முதல் 27 டிகிரி வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள். இங்குள்ள அறை வெப்பமே கிட்டத்தட்ட அதுதான், இன்குபேட்டர் தேடி அலைய வேண்டியதில்லை. அப்புறம் புனலில் துணி கட்டி, வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, இரவு முழுக்க விட்டால் லார்வாக்கள் கீழே இறங்கிவிடும். சாணத்திலும் ஆட்டின் உதிர்ந்த செல்கள் இருக்கும் என்பதால் பல முறை கழுவுங்கள். மூன்றாம் நிலை லார்வாவுக்கு வெளியே ஓர் உறை உண்டு. நீர்த்த ஹைப்போகுளோரைட்டில் சற்று நேரம் வைத்தால் அது கழன்றுவிடும், ஒட்டியிருந்ததும் அதோடு போகும். சாணத்தில் மற்ற இனப் புழுக்களும் வளர்ந்திருக்கும். இனத்தை அடையாளம் காட்டும் ஐ.டி.எஸ்.-2 என்ற டி.என்.ஏ. பகுதியை பி.சி.ஆர். செய்து, இது ஹிமாங்கஸ்தான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கையுறை எப்போதும் போடுங்கள். உங்கள் பாதுகாப்புக்கு மட்டுமல்ல, உங்கள் டி.என்.ஏ. குழாய்க்குள் விழாமல் இருக்கவும்தான். ஆய்வகத்தில் புரூகியாவைப் பெரும்பாலும் ஜெர்பில் எலியில் வளர்க்கிறார்கள். அப்படி வளர்த்த புழுவின் வரிசையில் மனிதத் துண்டு அப்படியே அச்சாக வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பைப்பெட் பிடித்த கையைத்தான்.

பிளாஸ்ட்: முதல் வரியை நம்பாதீர்கள்

தேடும்போது இனங்களை இரண்டு கட்சியாகப் பிரித்துத் தேடுங்கள். ஒரு முறை உருளைப்புழுக்களுக்குள் மட்டும், இன்னொரு முறை பாலூட்டிகளுக்குள் மட்டும். புழு இனங்களில் பொருத்தமே இல்லாமல், பாலூட்டிகளில் மட்டும் பலமான பொருத்தம் இருந்தால் தொடருங்கள். ஈ-மதிப்பு சிறியதாக இருந்தால் பொருத்தம் தற்செயல் அல்ல என்று மட்டுமே பொருள். தாவல் நடந்தது என்று அது சொல்லாது. பட்டியலில் முதலில் வருவது நெருங்கிய உறவு என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

இங்கே புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஆட்டோடு 100% ஒத்துப்போனால் சந்தோஷப்படுவார்கள். அதுதான் மோசமான செய்தி. லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தாவிய துண்டு புழுவுக்குள் தனியாக மாற்றமடைந்திருக்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஆடாகவே இருந்தால் அது நேற்றைய ஆடு. சற்றே விலகி, ஆனால் அடையாளம் தெரியும் அளவுக்கு ஒத்திருப்பவைதான் கவனிக்கத் தக்கவை. ஏவி-ஆர்.டி.இ. பிரதிகள் ஜீனோம்களுக்கிடையே 83 முதல் 99% வரை ஒத்துப்போகின்றன.

அக்கம்பக்கம் பாருங்கள்

கலப்பையும் தாவலையும் பிரிப்பதில் இந்தப் படிதான் எல்லாவற்றிலும் பெரியது. துண்டு மட்டும் தனியாக ஒரு காண்டிக்கில் (வாசிப்புகளைக் கணினி ஒட்டிச் சேர்த்த நீள வரிசையில்) கிடந்தால் அதை நம்பாதீர்கள். அதன் இருபுறமும் சந்தேகத்துக்கு இடமில்லாத புழு மரபணுக்கள் இருக்க வேண்டும். புழுப் பகுதியில் தொடங்கி அந்நியத் துண்டைக் கடந்து மறுபுறப் புழுப் பகுதியில் முடியும் வாசிப்புகள், அதாவது கருவி ஒரே வீச்சில் படித்த டி.என்.ஏ. துண்டுகள், இருக்க வேண்டும். நானோபோர், பேக்பயோ போன்ற நீள வாசிப்புகள் வந்த பிறகு இதைப் பார்ப்பது எளிதாகிவிட்டது. அந்த இடத்தில் வாசிப்புகளின் அடர்த்தி பக்கத்துப் பகுதிகளைப் போலவே இருக்கிறதா என்றும் பாருங்கள். குறைந்து விழுந்தால் கலப்பு வாசனை அடிக்கிறது. ஜி, சி எழுத்துகளின் விகிதமும் உதவும்: புரூகியாவில் சுமார் 30%, மனிதரில் சுமார் 41%. ஆனால் பழைய தாவல்கள் காலப்போக்கில் புழுவின் விகிதத்துக்கே வந்துவிடும் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஆர்.என்.ஏ. தரவு கையில் இருந்தால் இன்னொரு சோதனை இருக்கிறது, பலர் மறந்துவிடுவது. உருளைப்புழுக்கள் தம் பல எம்.ஆர்.என்.ஏ.க்களின் தலையில் எஸ்.எல்.-1 என்ற 22 எழுத்துத் துண்டை ஒட்டிவிடும். பாலூட்டிகள் அப்படிச் செய்வதில்லை. சந்தேகத் துண்டின் எம்.ஆர்.என்.ஏ. தலையில் எஸ்.எல்.-1 இருந்தால், அதை எழுதியது புழுவின் செல்தான். இல்லை என்றால் எதுவும் நிரூபணமாகவில்லை, எல்லா மரபணுவும் அதைப் பெறுவதில்லை.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்த பெரியவர்கள் உண்டு. 2015 நவம்பரில் நீர்க்கரடி என்னும் நுண்ணுயிரின் மரபணுக்களில் 17.5% வெளியிலிருந்து வந்தவை என்று ஒரு குழு வெளியிட்டது. உலகமே பேசியது. அதே இனத்தை வாசித்திருந்த எடின்பரோ குழு சில நாட்களிலேயே அதில் பெரும்பகுதி பாக்டீரியாக் கலப்பு என்று காட்டியது. புழுக்களிலும் நடந்தது: இரத்தத் தட்டைப்புழுவான ஷிஸ்டோசோமாவுக்கு சால்மன் வகை மீன்களின் டிரான்ஸ்போசான் தாவியிருக்கிறது என்று பேசப்பட்டது. 2010இல் அதற்குச் சான்று இல்லை என்று மறுப்பு வந்தது.

குலமரம்

மிஞ்சியவற்றுக்கு மரம் வரையுங்கள். புழுக்கள், பூச்சிகள், மீன், தவளை, பாம்பு, பாலூட்டி எல்லாவற்றிலிருந்தும் அந்த வரிசையின் உறவுகளைத் திரட்டி, மாஃப்ட் மென்பொருளில் வரிசைப்படுத்தி, மரம் வரையும் ஐக்யூ-ட்ரீயிலோ மெகாவிலோ ஓட்டுங்கள். தாவல் உண்மையானால் புழுவின் வரிசை பாலூட்டிகளின் கிளைக்கு உள்ளே போய் உட்கார வேண்டும், பக்கத்தில் அல்ல.

திரட்டும் இனங்கள் குறைவாக இருந்தால் மரம் பொய் சொல்லும். 2001இல் மனித ஜீனோம் வெளியானபோது நூற்றுக்கு மேற்பட்ட மனித மரபணுக்கள் பாக்டீரியாவிலிருந்து நேரடியாக வந்திருக்கலாம் என்றார்கள். அவை ஈயிலும் புழுவிலும் இல்லை என்பதே வாதம். மேலும் இனங்களைச் சேர்த்துப் பார்த்தபோது அதே ஆண்டிலேயே அந்த எண்ணிக்கை சரிந்தது. மூதாதையிடம் இருந்ததை ஈயும் புழுவும் தொலைத்திருந்தன, அவ்வளவுதான். வாதாடும்போது "தொலைத்திருக்கலாமே" என்ற கேள்வியை நீங்களே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வாளர் கட்டாயம் கேட்பார்.

தாவல் போலத் தோன்றுபவை

எலிக்குடலில் வாழும் ஹெலிக்மோசோமாய்டஸ் என்ற புழு, பாலூட்டியின் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தின் வேலையை அப்படியே செய்யும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. எலியிடமிருந்து எடுத்ததா? இல்லை. வரிசையில் ஒற்றுமையே கிடையாது. வேறொரு புரதக் குடும்பத்திலிருந்து புழு தானாகச் செய்துகொண்டது. யானைக்கால் புழுவில் இருக்கும் எம்.ஐ.எஃப். புரதம் நம்முடையதை ஒத்திருக்கிறது, அதற்குக் காரணம் பொது மூதாதை. ஷிஸ்டோசோமா தன் தோலில் மனித இரத்தத்தின் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொள்கிறது, அவை பொருட்கள், மரபணு அல்ல. சில புழுக்கள் நுண்பைகளில் சிறு ஆர்.என்.ஏ.க்களை ஓம்புயிரியின் செல்லுக்குள் அனுப்புகின்றன. அது செய்தி அனுப்புவது, ஜீனோமில் எதுவும் பதிவதில்லை.

கறிக்கடை வாசலில் நின்று புழு பொறுக்கினால் ஒருவராவது கேட்பார்: "போட்டி தின்னா இந்தப் புழுவோட ஜீன் நமக்கு வந்திருமா?" வராது. தின்ற எந்த உயிரின் டி.என்.ஏ.வும் வயிற்றில் செரித்துப்போகும். நாம் இங்கே பேசுவது கோடி ஆண்டுகளில் ஓரிரு முறை, அதுவும் ஓர் இனத்தின் முட்டை செல்லில் நடந்த விபத்துகளை. நன்றாக வேகவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள், அதற்குக் காரணம் வேறு.

கடைசியில் பி.சி.ஆர்.

கணினிச் சோதனைகள் எல்லாம் தாண்டிய துண்டு ஒன்றாவது இருந்தால், அதன் இருபுறமும் உள்ள புழுப் பகுதிகளில் பிரைமர் (பி.சி.ஆர். பெருக்கம் தொடங்கும் குட்டித் துண்டு) வையுங்கள். துண்டுக்கு உள்ளே வைத்தால் ஆட்டு டி.என்.ஏ.வும் பெருகி உங்களை ஏமாற்றும். தனித்தனிப் புழுக்களிலும் லார்வாக்களிலும் ஓட்டுங்கள். கூடவே அதே ஆட்டின் டி.என்.ஏ. ஒரு குழாய், எதுவும் போடாத வெற்றுக் குழாய் ஒன்று, இரண்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும் இருக்கட்டும். புழுவிலும் லார்வாவிலும் பட்டை வந்து, ஆட்டிலும் வெற்றுக் குழாயிலும் வராவிட்டால், அந்தப் பட்டையை வெட்டி, எழுத்து எழுத்தாகப் படிக்க சேங்கர் வரிசைக்கு அனுப்புங்கள். கல்லூரியில் வசதி இல்லாவிட்டால் வெளி நிறுவனங்கள் கூரியரில் வாங்கிச் செய்து தருகின்றன. மாட்டிலிருந்தோ செம்மறியிலிருந்தோ எடுத்த ஹிமாங்கஸிலும் அதே இடத்தில் அதே துண்டு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதற்காக, ஒவ்வொரு முறையும் பத்துப் புழுக்களை எத்தனாலில் போட்டு, எந்த விலங்கு, எந்த ஊர், என்ன தேதி என்று பென்சிலில் எழுதிய சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே வையுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.